இரண்டு விரற்கடை மிச்சம்

எல்லாரும் சௌக்கியம்தானே? வீட்டில் குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லையே? இந்த வருடம் குளிர் சொல்லாமல் கொள்ளாமல் முன்னாடியே வந்துவிட்டது. எனக்கு முழங்கால்தான் எழுந்திருக்கும்போதெல்லாம் கத்துகிறது. மற்றபடி பல் நாலு பாக்கி இருக்கிறது. கூழ் குடிக்க அது போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது நடந்தது. எவனோ சொன்னான், எவளோ பார்த்தாள் என்கிற சமாச்சாரம் இல்லை. நான் அந்த அறையில் இருந்தேன். மூன்று ராத்திரியும் இருந்தேன். குடிக்கவில்லை, கண் அசரவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அதற்குச் சாட்சியாக ஒரு பொருள் நாற்பது வருடமாக என் பெட்டிக்குள் இருக்கிறது. இப்போது நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்தப் பொருளால்தான். கடைசியில் சொல்கிறேன், பொறுங்கள்.

என் பெயர் ஹவிஸ். அரசரின் இரண்டாவது மகன் இளவரசர் ஆப்ரியின் கோட்டைக்குத் தாய்ப்பால் கொடுக்கும் செவிலியாகப் போனவள். என் புருஷன் அங்கே லாயத்தில் வேலை பார்த்து, குதிரை உதைத்துச் செத்துப்போனான். அவன் போன மாதமே எனக்கு டிக்கன் பிறந்தான். அதே வாரம் இளவரசருக்கு ஹ்யூ பிறந்தான். அவர் மனைவி சீமாட்டி மெலிசந்த் நல்ல மனசுக்காரி. "உன் பிள்ளையையும் இங்கேயே வச்சுக்கோ" என்றாள். வலது பக்கம் ராஜா வீட்டுப் பிள்ளை, இடது பக்கம் லாயக்காரன் பிள்ளை. இரண்டும் என் மடியில்தான் வளர்ந்தன. அறைக் கதவில் கத்தியால் கோடு கீறி இரண்டு பேரின் உயரத்தையும் குறித்து வைப்பேன். எப்போதும் ஒரே கோடுதான்.

இளவரசரைப் பற்றி ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. அவரை நோய் தொடாது. மேற்கு எல்லைப் போரில் பாதிப் படை வயிற்றுப்போக்கில் செத்தபோது, அதே குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டவர் அவர். ஒரு தும்மல், ஒரு பல்வலி கிடையாது. அம்பு வந்தால் பக்கத்தில் நிற்பவனைத்தான் தைக்கும். ஆனால் பாருங்கள், பிள்ளை தங்கவில்லை. முதல் பையன் நாலு வயதில் போனான். இரண்டாவது பையனும் நாலு வயதில் போனான். மூன்றாவது ஹ்யூ. அந்தக் கோடையில்தான் அவனுக்கு நாலு முடிந்தது.

நவம்பரில் மார்ட்டின் திருநாள் கழிந்து மூன்றாம் நாள். பன்றி அறுத்து உப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். ஹ்யூ வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "ஹவிஸ், கால் வலிக்குது" என்றான். தொட்டேன். கொதித்தது.

இரண்டு நாளில் பிள்ளை சுருண்டுவிட்டான். முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. காலை நீட்டினால் கோட்டையே அதிர அலறுவான். வைத்தியர் வந்தார். மூத்திரத்தைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். போய்விட்டார். இளவரசர் எல்லையில் இருந்தார். ஆள் அனுப்பியிருந்தோம். சீமாட்டி ஏழு மாதம் கர்ப்பம், காய்ச்சல் அறைக்குள் வரக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவள் அடுத்த அறையில் இருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். ராத்திரியில் அவள் இரண்டு தட்டு தட்டுவாள். பிள்ளை உயிரோடு இருந்தால் நான் இரண்டு தட்டு திருப்பித் தட்ட வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு.

மூன்றாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்: "அளந்துடு ஹவிஸ்."

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரியும். நோயாளியைத் தலையிலிருந்து உள்ளங்கால் வரை நூலால் அளப்பது. அந்த நூலையே திரியாக்கி, அதே நீளத்துக்குத் தேன்மெழுகில் வத்தி வார்ப்பது. அதைப் புனிதரின் சமாதியில் ஏற்றுவது. வத்தி எரிய எரிய நோயும் எரியும். மாட்டுக்குக்கூடச் செய்வோம். மாட்டுக்கு மெழுகு அதிகம் ஆகும், அவ்வளவுதான்.

நூலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். ஹ்யூ அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். இரண்டு நாளில் முதல் தூக்கம். சுருண்டு கிடக்கிற பிள்ளையை எப்படி அளப்பது? காலை நீட்டினால் விழித்துவிடுவான். விழித்தால் அலறுவான். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அலறலைக் கேட்டுக் கேட்டு ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள்.

டிக்கன் கதவருகே மரக்குதிரையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

ஒரே பால். ஒரே கோடு.

"டிக்கா, இங்க வா. நேரா நில்லு."

உச்சந்தலையில் நூலை வைத்தேன். குதிகாலில் அறுத்தேன். அவ்வளவுதான் நான் செய்த காரியம். யாரும் பார்க்கவில்லை.

வத்தி வார்ப்பவன் பெயர் வாட். கோட்டைக்கே மெழுகு அவன் கைதான். அவன் வாய்க்கும் பூட்டு கிடையாது.

"என்ன ஹவிஸு, நூல் நீளமா இருக்கு? காய்ச்சல்ல பையன் வளர்ந்துட்டானா?"

"வாயை மூடிட்டு வார்த்துத் தொலை."

"வார்க்கறேன் தாயி. நல்லவேளை உனக்குக் காய்ச்சல் வரல. உன்னை அளந்தா நாட்டுல இருக்கற தேனீ எல்லாம் சேர்ந்தாலும் பத்தாது."

மறுநாள் விடியலில் வத்தியை நீளமான பெட்டியில் வைத்தார்கள். சீமாட்டி தன் மோதிரத்தால் முத்திரை வைத்தாள். ஆற்றுக்கு அக்கரையில்தான் மடம். ஒரு நாள் பயணம். வாட் குதிரையேறினான். அன்று சாயங்கால ஜெபத்தில் வத்தி ஏறிவிடும், மூன்று ராத்திரி எரியும் என்று கணக்கு.

அன்று ராத்திரி.

அறையில் ஹ்யூ கட்டிலில். கதவுப் பக்கம் மேபல் அம்மாவின் கட்டில். மேபல் யார் என்றால், இளவரசர் ஆப்ரியையே தூக்கி வளர்த்தவள். அப்போது அறுபது வயது. இளவரசர் வளர்ந்த பிறகும் அவளை ஆயா என்றுதான் கூப்பிடுவார். அடுப்புப் பக்கம் வைக்கோல் பாயில் நானும் டிக்கனும். வெளிச்சத்துக்குக் கோரைவிளக்கு. கோரைத் தண்டை ஆட்டுக் கொழுப்பில் தோய்த்தது. ஒன்று எரிந்து முடிய ஒரு நாழிகை. ஒன்று அணையும் முன்னால் அடுத்ததைக் கொளுத்த வேண்டும். எனக்கு அதுதான் கடிகாரம்.

நடுநிசி மணி அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது விளக்கு. அது பாதி எரிந்தபோது ஒரு வாசனை வந்தது.

தேன்.

ஆட்டுக் கொழுப்பு நாறுகிற அறையில் தேன் வாசனை எங்கிருந்து வரும்? எழுந்து உட்கார்ந்தேன்.

சொட்.

காத்திருந்தேன். சுவரில் இரண்டு தட்டு. ஹ்யூவின் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு, நானும் இரண்டு தட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து... சொட்.

விடிந்ததும் மேபல் அம்மாதான் முதலில் பார்த்தாள். தலையணையில் ஹ்யூவின் உச்சந்தலைக்கு மேலே மஞ்சளாக ஒரு மெழுகுச் சொட்டு. போர்வையில் கால் பக்கம் ஒரு சொட்டு. நகத்தால் சுரண்டி வாயில் போட்டுப் பார்த்தாள்.

"தேன்மெழுகு. இங்க யாரு வத்தி கொண்டாந்தது?"

"யாரும் கொண்டு வரல மேபல் அம்மா."

அவள் முகம் வெளுத்தது.  "போர்வையை மாத்து. சீமாட்டிகிட்ட மூச்சு விடாத" என்றாள்.

போர்வையை மாற்றும்போது எனக்கு ஒன்று உறைத்தது. ஹ்யூ அந்தத் தூக்கத்தில் கொஞ்சம் காலைத் தளர்த்தியிருந்தான். ஆனாலும் கால் பக்கத்துச் சொட்டு அவன் பாதத்தைத் தாண்டி விழுந்திருந்தது. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டாம் ராத்திரி. பனி கொட்டியது. சன்னல் கதவு எல்லாம் அடைத்து, இடுக்கில் துணி திணித்திருந்தேன். டிக்கன் என் பக்கத்தில் வாய் பிளந்து தூங்கினான்.

நடுநிசி மணிக்குப் பிறகு மூன்றாவது விளக்கு. பாதி.

வாசனை வந்தது.

விளக்கின் சுடர் படுத்தது. காற்றில்லை. ஆனாலும் யாரோ பக்கத்தில் நடந்து போனது மாதிரி படுத்து, எழுந்தது.

ஹ்யூவின் நெற்றி முடி அசைந்தது.

சர்ர்ர்...

துணிமேல் நூல் ஓடுகிற சத்தம். தையல்காரி வீட்டில் பிறந்தவள் நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

போர்வையில் ஒரு கோடு விழுந்தது. மேலே நூலை வைத்து இழுத்துப் பிடித்தால் துணி எப்படி அமுங்கும்? அப்படி. தலையிலிருந்து நெஞ்சு. நெஞ்சிலிருந்து முழங்கால். முழங்காலிலிருந்து பாதம். பாதத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம். அங்கே நின்றது.

சொட்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, யோசிப்பது மாதிரி இருந்தது.

பிறகு கோடு மறைந்தது. மேபல் அம்மாவின் போர்வையில் விழுந்தது.

அவள் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். உதடு மட்டும் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. கோடு அவள் இடுப்பைத் தாண்டியதும் நின்றது. அவள் நீளம் அதிகம். வேண்டாம் என்று விட்டது.

பிறகு தரையில்.

சர்ர்ர்...

எங்கள் பாயை நோக்கி.

கை வரவில்லை. கால் வரவில்லை. டிக்கனை இழுத்துக்கொள்ள நினைக்கிறேன், விரல் அசையவில்லை. அவன் தலைமாட்டில் வைக்கோல் நசுங்கியது.

சொட்.

அவன் தலைக்கு மேலே.

நூல் கீழே இறங்கியது. கழுத்து. மார்பு. தொப்புள்...

கீழே கோட்டைக் கோயிலில் ஜெப மணி அடித்தது.

வாசனை போய்விட்டது.

பொழுது விடிந்ததும் என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து ஹ்யூவை அளந்தேன். இந்த முறை காலை மெதுவாகத் தடவி நீட்டினேன். பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. பிறகு டிக்கனை அளந்தேன். கதவில் கோடு கீறியது ஈஸ்டருக்கு. அதற்குப் பிறகு டிக்கன் வளர்ந்திருந்தான். ஹ்யூவைவிட இரண்டு விரற்கடை கூட.

பின்னால் மேபல் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"யாரைடி அளந்த?"

"ஹ்யூவைத்தான்."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

 "டிக்கனை" என்றேன். "புள்ள அப்பத்தான் கண்ணசந்தான் மேபல் அம்மா. ரெண்டும் ஒரே உசரம்னு நெனச்சு..."

அறைவாள் என்று கன்னத்தைத் திருப்பிக்கொண்டேன். அறையவில்லை. கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நானும் அதையேதாண்டி பண்ணேன்."

"நீங்களா?"

"இதே அறை. முப்பது வருஷம் ஆச்சு. ராஜாவுக்கு ஆப்ரிக்கு மேல இன்னொரு புள்ள இருந்தான். ரால்ஃப். தொண்டை அடைச்சுக் கெடந்தான். தொட்டா அலறுவான். பக்கத்துல ஆப்ரி ஆடிட்டு நின்னான். ஒரு வயசுதான் வித்தியாசம். பாத்தா ஒரே உசரம். நூலை அவன்மேல வச்சு அறுத்துட்டேன்." தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்தாள். "மூணு ராத்திரி வந்துச்சு. மூணாவது ராத்திரி ஆப்ரியைக் கண்டுபிடிச்சுது."

"என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. தலைமாட்டுல ஒரு சொட்டு. கால்மாட்டுல ஒரு சொட்டு. விடிஞ்சு பாத்தா ஆப்ரி எழுந்து உக்காந்து ரொட்டி கேக்கறான். ரால்ஃப் வெறைச்சுக் கெடக்கான்."

நான் ஹ்யூவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிலேருந்து ஆப்ரிக்கு ஒரு தும்மல் உண்டா சொல்லு. அதுக்கு அளவு மட்டுந்தாண்டி தெரியும். யாருக்காக வேண்டிக்கிட்டோம்னு தெரியாது. அளவு யாருக்குப் பொருந்துதோ அவனுக்குக் குடுத்துட்டுப் போயிடும்."

"அப்ப இன்னிக்கு ராத்திரி..."

"டிக்கனைக் கண்டுபிடிச்சா உன் புள்ளைக்கு ஆயுசுக்கும் சீக்கு இல்ல. இந்தப் புள்ள விடியறவரைக்கும் தாங்காது." டிக்கனைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. அடுத்தவனோடதை வாங்கினா, அது சும்மா விடுமான்னு எனக்குத் தெரியாது. ஆப்ரியோட ரெண்டு புள்ளைங்க சமாதியும் கீழ கோயில்ல இருக்கு. நீயே பாத்திருக்க."

"ஆள் அனுப்பி வத்தியை அணைக்கச் சொல்லலாமா?"

"போய்ச் சேர ஒரு நாள் ஆகும். இன்னிக்கு ராத்திரியோட எரிஞ்சு தீர்ந்துடும்."

அன்று பகல் எப்படிப் போனது என்று தெரியாது. ஹ்யூ தண்ணீரைக்கூட விழுங்கவில்லை. இருட்டியதும் டிக்கனைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். ரொட்டி அடுப்பறையில், ரொட்டிக்காரன் பெண்டாட்டியிடம் விட்டுவர.

பாதிப் படியில் நின்றுவிட்டேன். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? உட்கார்ந்தேவிட்டேன். டிக்கன் மூச்சு என் கழுத்தில் பட்டது. மேலே கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் போதும். வேறொன்றும் செய்ய வேண்டாம். குளிரிலும் பஞ்சத்திலும் பிள்ளைகள் ஈசல் மாதிரி விழுகிற ஊர் எங்களுடையது. என் பிள்ளைக்கு ஒரு நாளும் தலைவலிகூட வராது. யார் வேண்டாம் என்பார்கள்?

ஒரு விளக்கு எரிகிற நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பெற்றது ஒன்று. பால் கொடுத்தது இரண்டு.

இறங்கிப் போய் டிக்கனை விட்டுவிட்டு வந்தேன்.

ஹ்யூவின் கம்பளிக் காலுறை இரண்டையும் எடுத்தேன். உள்ளே உள்ளங்கால் பக்கம் ஆட்டு மயிரை அடைத்தேன். இரண்டு விரற்கடை. கயிற்றை வைத்து அளந்து பார்த்து இன்னும் கொஞ்சம் அடைத்தேன். பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். மேபல் அம்மா அவன் காலை மெதுவாக நீட்டிப் பிடித்தாள். அவன் முனகினான். அலறத் தெம்பில்லை.

நடுநிசி மணி.

முதல் விளக்கு. இரண்டாம் விளக்கு.

மூன்றாவது. பாதி.

தேன்.

சர்ர்ர்...

தலை. நெஞ்சு. முழங்கால். பாதம்.

காலுறையின் நுனியில் நின்றது.

பொருந்தியது.

 மேபல் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சொட். தலையில்.

காத்திருந்தோம். காலில் விழவில்லை.

காலுறையின் நுனி... அமுங்கியது.

யாரோ இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பது மாதிரி. சந்தையில் பழம் அமுக்கிப் பார்ப்பார்களே, அப்படி.

விட்டது.

மறுபடி அமுங்கியது.

விளக்கு அணைந்தது.

இருட்டு. சுவரில் தட்டு.

டொக். டொக்.

என்னால் திருப்பித் தட்ட முடியவில்லை. ஹ்யூவின் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

டொக். டொக்.

"ஹவிஸ்?" சுவருக்கு அந்தப் பக்கம். "ஹவிஸ்... தட்டேன்..."

அப்போது எனக்கு வாய் வந்தது. எதற்குப் பேசினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"பொய்தான்" என்றேன் இருட்டைப் பார்த்து. "அடைச்சு வச்சேன். அந்த ரெண்டு விரற்கடை என் புள்ளையோடது. மிச்சமெல்லாம் இவனோடது. இவனுக்குள்ளதை இவனுக்குக் குடுத்துடு."

ஒரு சத்தமும் இல்லை.

டிக்.

நூல் அறுகிற சத்தம்.

சொட்.

பிறகு... "ஹவிஸ். பசிக்குது."

ஓடிப்போய்ச் சுவரில் தட்டினேன். இரண்டு தட்டா, இருபது தட்டா, தெரியாது. அந்தப் பக்கம் சீமாட்டி அழுதது கோட்டை வாசல்வரை கேட்டிருக்கும்.

விளக்கைக் கொளுத்திப் பார்த்தோம். பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. காய்ச்சல் இல்லை. கால் நீண்டிருந்தது. ஆனால் காலுறை இரண்டும் காலில் இல்லை. தரையில் கிடந்தன. காலி. உள்ளே அடைத்த மயிர் இல்லை.

தேடினோம். எங்கள் வைக்கோல் பாயில் இருந்தது. டிக்கன் கால் வைத்துப் படுக்கிற இடத்தில். அழகாக, சமமாகப் பரப்பி. இரண்டு விரற்கடை அகலம்.

அது எதையும் மறக்கவில்லை.

இனிமேல்தான் நான் சொல்லவந்த விஷயம்.

இரண்டு நாள் கழித்து ஒரே சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள். எல்லையிலிருந்து இளவரசர் ஆப்ரி, குதிரை நுரை தள்ள. படியை மூன்று மூன்றாகத் தாவி ஏறிவந்தவர், ஹ்யூ உட்கார்ந்து கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் கதவிலேயே மண்டியிட்டுவிட்டார். இரண்டாவது ஆள் வாட். முழங்கால்வரை சேறு. கையில் அந்தப் பெட்டி.

"என்னை மன்னிச்சுடுங்க எசமானே" என்று விழுந்தான். "ஆத்துல வெள்ளம். நாலு நாளா ஓடம் விடல. அக்கரைக்குப் போகவே முடியல. ஓடத்துறைச் சத்திரத்துலதான் கெடந்தேன். வத்தி ஏத்தல."

 மேபல் அம்மா என் கையைப் பிடித்தாள். 

"ஏத்தலையா?" என்றேன்.

"எப்படி ஏத்துறது ஹவிஸு? முத்திரையே உடைக்கல, பாரு. ராத்திரியெல்லாம் தலைக்கு வச்சுத்தான் படுத்தேன். ஒண்ணுதான் சொல்லணும்..." தலையைச் சொறிந்தான். "நடுராத்திரில பெட்டி சூடாயிடும். கன்னம் சுட்டு முழிச்சேன். மூணு ராத்திரியும். பீர் மப்புன்னு நெனச்சேன்."

சீமாட்டியின் முத்திரை அப்படியே இருந்தது. இளவரசர் கத்தியால் உடைத்துப் பெட்டியைத் திறந்தார்.

வத்தி எரிந்திருந்தது.

பெட்டிப் பலகையில் கரி இல்லை. ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை. ஒழுகினதெல்லாம் எங்கே ஒழுகியது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அடிப்பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சம்.

இரண்டு விரற்கடை.

இளவரசர் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இந்த வாசனை எனக்குத் தெரியும்" என்றார். "சின்ன வயசுல ஒரு ராத்திரி. யாரோ தலையிலேருந்து கால்வரைக்கும் சில்லுனு தடவினாங்க. காலைல அண்ணன் இல்ல." மேபல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஆயா, நீ அன்னிக்கு இங்கதானே இருந்த?"

"இருந்தேன் ராஜா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இந்த மிச்சம் யாரோடது?"

"என் பையனோடது எசமானே."

அவர் அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரலை மூடினார்.

"அப்ப நீயே வச்சுக்கோ. கொளுத்தாத. உருக்காத. யார்கிட்டயும் குடுக்காத."

நாற்பது வருடம் ஆயிற்று. மேபல் அம்மா போய்ச் சேர்ந்தாள். இளவரசர் எழுபத்தைந்து வயதில் இன்னும் தானே குதிரை ஏறுகிறார், தும்மல் கிடையாது. ஹ்யூவுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் கொழுகொழு. டிக்கன் ஹ்யூவின் வீட்டு நிர்வாகம் பார்க்கிறான். இன்றைக்கும் ஹ்யூவைவிட இரண்டு விரற்கடை உயரம். அதைச் சொல்லி ஹ்யூவைச் சீண்டுவான். நடந்தது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு மார்ட்டின் திருநாளுக்கும் நான் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டை அளப்பேன். அதே கயிறுதான். முப்பத்தெட்டு வருடம் இரண்டு விரற்கடை. ஒரு மயிரிழை குறையவில்லை. போன வருடம் அளந்தபோது கொஞ்சம் குறைந்தது. என் கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் அளந்தேன்.

ஒரு விரற்கடை.

பெட்டிக்குப் பூட்டு. சாவி என் கழுத்தில். நெருப்பு அதன் பக்கமே போனதில்லை.

நேற்று காலையில் டிக்கன் எனக்கு விறகு கொண்டுவந்து போட்டான். கன்னம் சிவந்து, ஆள் கல்லு மாதிரி இருக்கிறான். ஒரு குறையும் இல்லை. நோயே இல்லாதவனிடம் அது எதை எரிக்கிறது? போகும்போது கதவில் நின்று சிரித்தபடி கேட்டான்.

"ஏம்மா, ராத்திரி தேன் காய்ச்சினியா? எங்க வீடு வரைக்கும் வாசனை."

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் சரி, நான் சிரிக்க மாட்டேன். தீ இல்லாமல் எரிகிற மெழுகை நிறுத்த யாருக்காவது வழி தெரிந்தால் மட்டும், கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.